பேர் அவரோடதுதான் இருக்கு

பேர் அவரோடதுதான் இருக்கு. அவ்வளவுதான் சொன்னாள் வளர்மதி. பிரித்துப் போட்டுத் தேடினாலும் அதில் ஒரு பொய் கிடைக்காது, கோர்ட்டில் போய்ச் சொன்னாலும் செல்லும். காபி மெஷினுக்கு முன்னால், ஒரு கையில் பாதி நிரம்பிய கோப்பையும் மறு கையில் போனுமாக நின்றுகொண்டு சம்பத் கேட்டது எவ்வளவு லேசான கேள்வி! "வளர்மதி, அந்த ஸ்கேன் சென்டர் பக், படம் கலந்து வந்த கோளாறு, அது தனிஸ்லாஸ் எழுதினதுதானே? இப்ப அவர்தான் இன்டர்வியூவுக்கு வந்திருக்கார். உள்ள போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன்." மேனேஜர் என்றால் கொஞ்சம் முறைக்க வேண்டாமா, குரலை உயர்த்த வேண்டாமா? அப்படிக் கேட்டிருந்தால் பயத்திலாவது உண்மை வெளியே வந்து விழுந்திருக்கும். மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டால் வாயும் அதற்கேற்ற மாதிரி ஒன்றைச் சொல்லிவிடுகிறது. பேர் அவரோடதுதான் இருக்கு. சம்பத் தலையை ஆட்டினார், "நினைச்சேன்" என்றார், மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். அவள் கை நீட்டி, ஒரு நிமிஷம், இன்னொன்று சொல்லணும் என்று கூப்பிட்டிருக்கலாம். கதவு மெதுவாகத்தான் மூடியது. அந்தக் கதவு எப்போதுமே மெதுவாகத்தான் மூடும், அதற்கு என்ன அவசரம். இவள்தான் தன் கோப்பையில் சர்க்கரை போடுவதா வேண்டாமா என்று உலகமகா யோசனையில் நின்றாள்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இங்கிருந்து பார்த்தால் கண்ணாடி அறையில் தனிஸ்லாஸ் அண்ணாவின் முதுகு மட்டும் தெரியும். சோழிங்கநல்லூரில் இந்தக் கட்டடத்துக்கு அலுவலகம் மாறி வந்தபோது, அந்த அறைக்குக் கண்ணாடி வேண்டாம், மீன் தொட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று சண்டை போட்டவர் அவர். இன்றைக்கு அவரே மீனாக உட்கார்ந்திருக்கிறார். சட்டையின் தோளில் இஸ்திரி மடிப்பு கலையாமல் நிற்கிறது. தூத்துக்குடியிலிருந்து ராத்திரி ரயிலில் வந்தவர் எங்கே குளித்து எங்கே மாற்றினாரோ. எழும்பூர் ஸ்டேஷனில் வரிசையில் நின்று, ஒரு ஆணியில் சட்டையை மாட்டிவைத்து, நனையாமல் பார்த்துக்கொண்டு குளித்திருப்பார். உச்சந்தலையில் முடி கொட்டிவிட்டது. மூன்று வருஷத்தில் இவ்வளவா கொட்டும்? அப்பாவுக்கு சிறுநீரகம் போய், வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரி என்று ஆனதும் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போன மனுஷர். அப்பா போன வருஷம் இறந்துபோனார். அதற்குப் பிறகு தேடுகிறார், தேடுகிறார். நாற்பத்தெட்டு வயதுக்காரரை, நடுவில் மூன்று வருஷம் காலியாகக் கிடக்கிறவரை, எந்தக் கம்பெனியும் பேசக்கூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டது இந்த ஒரு இடம்தான். முந்தாநாள் அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். 'வளர், வியாழக்கிழமை வர்றேன். தெரிஞ்ச முகம் நீங்க ஒருத்தர் இருக்கீங்கங்கிற தைரியம்தான்.' அதற்கு இவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பினாள். தைரியமாம். தெரிந்த முகமாம். அந்தத் தெரிந்த முகம்தான் இப்போது திரைக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டிருக்கிறது, அவர் திரும்பினால் கண்ணில் பட்டுவிடுமோ என்று.

திரையில் அந்த இரண்டு வரிகள். காலையிலிருந்து அவற்றையே பார்த்துப் பார்த்து, இப்போது எழுத்துகள் எறும்பு ஊர்கிற மாதிரி அசைகின்றன. அவள் தொழில் என்ன என்று அம்மா யாரிடமாவது சொல்ல நேர்ந்தால் டிரைவர் எழுதுகிறாள் என்பாள். கேட்டவர்கள் லாரியா பஸ்ஸா என்பார்கள். கம்ப்யூட்டருக்கும் அதன் டிஸ்க்குக்கும் நடுவில் நின்று, இங்கே கேட்பதை அங்கே சொல்லி, அங்கே கொடுப்பதை இங்கே வாங்கி வைக்கிற ஒரு தரகு வேலை, அதைச் செய்கிற புரோகிராமுக்குத்தான் அந்தப் பெயர். ஒரு படம் வேண்டும் என்றால், மெமரியில் கொஞ்சம் இடம் பிடித்து, டிஸ்க்கே, இங்கே கொண்டுவந்து கொட்டு என்று சொல்ல வேண்டும். டிஸ்க் சில நேரம் முரண்டு பிடிக்கும், பதிலே சொல்லாது. எவ்வளவு நேரம் காத்திருப்பது? சரி, வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியதுதான். விடுவதில்தான் ஒழுங்கு இருக்கிறது. முதலில் டிஸ்க்கிடம் நிறுத்து என்று சொல்ல வேண்டும், அது சரி நிறுத்திவிட்டேன் என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பிடித்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு வரியும் அதை மாற்றிச் செய்கின்றன. முதலில் இடத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு நிறுத்து என்கின்றன. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயாகிவிட்டது, புதிதாக வந்தவர்கள் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள், பழைய ஆள் எப்போதோ சொல்லிவைத்த மணல் லோடு வந்து நடுக்கூடத்தில் கொட்டுகிறது, அந்தக் கதைதான். ஒவ்வொரு தடவையும் கொட்டாது. டிஸ்க் பழசாகி, மெதுவாகி, அதே நொடியில் இன்னொருவர் அதே இடத்துக்குக் குடிவந்தால்தான் கொட்டும். அதனால்தான் ஏழு வருஷம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. போன மாதம், இந்தக் கம்பெனியின் டிரைவர் ஓடுகிற ஒரு ஸ்கேன் சென்டரில் ஒரு முழங்கால் படத்தின் நடுவே பட்டையாக யாருடைய நுரையீரலோ வந்து உட்கார்ந்தது. அங்கிருந்த டாக்டர் வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தார், இவர் மூட்டால் மூச்சு விடுகிறார் போலிருக்கிறது என்று. மீட்டிங்கில் எல்லாரும் சிரித்தார்கள். வளர்மதி அந்தப் படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தாள். முழங்காலுக்குள் நுரையீரல் வந்ததால் தெரிந்தது. முழங்காலுக்குள் இன்னொரு முழங்கால் வந்திருந்தால்? ஒரு நுரையீரலுக்குள் இன்னொருவருடைய நுரையீரல், சுத்தமான ஒன்று, புள்ளியுள்ள ஒன்றின் மேல் பட்டையாக விழுந்திருந்தால்? யார் சிரித்திருப்பார்கள்? ஏழு வருஷம். எத்தனை ஊர், எத்தனை சென்டர். நினைக்காதே. விரலை விசையில் வை. வேலையைப் பார்.

வேலை என்ன பெரிய வேலை. கீழ் வரியை மேலே தூக்கு, மேல் வரியைக் கீழே இறக்கு, நடுவில் காத்திருக்கச் சொல்லி இன்னொரு வரி. காலையிலேயே செய்துவிட்டாள், சோதித்தும் பார்த்தாயிற்று, டிஸ்க்கை வேண்டுமென்றே தூங்கவைத்துத் தூங்கவைத்து எழுப்பியும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது பாக்கி இருப்பது குறிப்பு. இந்த அலுவலகத்தில் ஒரு திருத்தம் கம்பெனியின் புரோகிராமுக்கு உள்ளே போக வேண்டுமென்றால் அதோடு ஒரு குறிப்பு போக வேண்டும், குறிப்பின் கடைசியில் 'காரணம்' என்று ஒரு வரி இருக்க வேண்டும், எந்தப் பழைய மாற்றத்தால் இந்தக் கோளாறு வந்தது, அதை எழுதியவர் யார் என்று. யாரையும் தூக்கில் போட இல்லை, பாடம் படிக்கத்தான் என்பார் சம்பத். அதைக் கண்டுபிடிக்க ஒரு கட்டளை உண்டு, தட்டினால் வரிக்கு வரி எழுதியவர் பெயரை ஓரத்தில் காட்டும். இதைச் செய்த வெள்ளைக்காரன் அந்தக் கட்டளைக்குப் பழி என்றே பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தட்டினாள். இரண்டு வரிக்கும் ஓரத்தில் தனிஸ்லாஸ், தனிஸ்லாஸ். அந்தப் பெயரைத்தான் சம்பத்தும் பார்த்திருப்பார். இன்னும் யார் தட்டினாலும் அதுதான் வரும். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று எல்லாரும் நம்புகிறார்கள். அதுவும் இவளை மாதிரிதான், பேர் அவரோடதுதான் இருக்கு என்கிறது, அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை.

ஏழு வருஷத்துக்கு முந்தின அந்த நாளில் அவள் கை நிறைய வளையல். முந்தின நாள் வளைகாப்பு. கண்ணாடி வளையல் இரண்டு கையிலும் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும், சிவப்பும் பச்சையுமாக, பிரசவம் ஆகும்வரை கழற்றக் கூடாது என்று அத்தை சொல்லிவைத்திருந்தாள். அதோடு ஆபீஸ் வந்து உட்கார்ந்து தட்டினால் எப்படி இருக்கும்? சலங்கை கட்டி ஆடுகிற மாதிரி ஒரு சத்தம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், பரதநாட்டியம் எத்தனை மணிக்கு என்று ஒருவன் கேட்டான். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மணிக்கட்டை மேஜையில் வைத்தால் வளையல் குத்தும், உடைந்துவிடுமோ என்ற பயம் வேறு, உடைந்தால் அபசகுனம் என்பார்கள். கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு குறைவாகத் தட்ட முடியுமோ அவ்வளவு குறைவாகத் தட்டி, மற்றதை மவுஸால் இங்கிருந்து அங்கே இழுத்து இழுத்துப் போட்டு முடித்தாள். அப்போதுதான் இந்த வரி அந்த வரிக்கு மேலே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். சோதித்தாளா? சோதித்தாள், ஓடியது. டிஸ்க்கைத் தூங்கவைத்துப் பார்த்தாளா? இல்லை. கால் வீங்கியிருந்தது, கீழே கார் வந்து நின்றது, அம்மா போன் மேல் போன் போட்டாள். விடுமுறை தொடங்குகிற நாளே லாகின் நின்றுவிடும் என்பது விதி. எழுதியதை உள்ளே போட அவள் பெயரில் வழி இல்லை. தனிஸ்லாஸ் அண்ணாவின் மேஜைக்குப் போய் நின்றாள். அவர் அண்ணாந்து பார்த்து, "என்னம்மா இது, வளையல் கடையவே தூக்கிட்டு வந்துட்டீங்க" என்று சிரித்தார். முந்தின நாள் அவரும் அவர் மனைவி ரெஜினா அக்காவும் வந்து, அக்கா இவள் கன்னத்தில் சந்தனம் பூசி, வேளாங்கண்ணி மாதாவை வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். "அண்ணா, அனுப்பியிருக்கேன், நீங்களே உள்ள போட்டுடுறீங்களா?" "போட்டுருதேன். நீங்க போய் நல்லபடியா பெத்துட்டு வாங்க வளர். பிள்ளைக்கு மாமன் நான் ஒருத்தன் இருக்கேன்." அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு வரி படித்திருக்க மாட்டார். வளர் எழுதியது என்றால் அவருக்குப் படிக்க வேண்டியதில்லை. அவர் லாகின், அவர் பெயர். அப்போது இவளுக்கு அது தெரியுமா? தெரியும். லிஃப்டில் இறங்கும்போது தோன்றியது, என் வேலை அவர் பெயரில் போகிறதே, பாராட்டு வந்தால் அவருக்கல்லவா போகும் என்று. என்ன அற்பப் புத்தி! பாராட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். பழியைப் பற்றி ஒரு சொல் கூட நினைக்கவில்லை.

அந்தப் பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு. மாமன் ஊருக்குப் போன பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அச்சுப் பணியாரமும் பார்சலில் அனுப்பினார். இவள் என்ன அனுப்பினாள்? அதை யோசித்தால் வேறு ஒன்று வந்து நிற்கிறது. எல்லா ஆபீஸிலும் ஒரு வழக்கம் உண்டு, எந்தக் கோளாறு கிளம்பினாலும் வேலையை விட்டுப் போனவர் தலையில் கட்டிவிடுவது. அவர் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை, இருக்கிறவர்களுக்குள் மனஸ்தாபமும் இல்லை, எல்லாருக்கும் வசதி. இங்கே தனிஸ்லாஸ் போன மறு மாதமே தொடங்கிவிட்டது. எது ஓடவில்லையென்றாலும் தனிஸ்லாஸ் கைங்கரியம். பிரின்டர் தாளைக் கடித்தால் தனிஸ்லாஸ் கைங்கரியம். ஏசி சொட்டினால், கேன்டீனில் சாம்பார் உப்புக் கரித்தால், தனிஸ்லாஸ் கைங்கரியம். அவரைப் பார்த்தேயிராத புதுப் பையன்கள்கூடச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். வளர்மதியும் சிரித்தாள். ஒரு தடவை அவளே சொன்னாள், சாம்பாருக்குத்தான், அதற்கு எல்லாரும் சிரித்தார்கள், அவளுக்குப் பெருமையாக இருந்தது, கூட்டத்தில் ஒருத்தி என்று. அந்தச் சிரிப்பை இப்போது காதில் கேட்க முடிகிறது. வாயை அடைத்துக்கொண்டு எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது.

நேற்று வரைக்கும் ஒரு சின்ன ஆசை இருந்தது. சொன்னால் வெட்கக்கேடு. எழுதியது நான்தான், ஆனால் உள்ளே போடும்போது அவர் ஏதாவது கைவைத்திருக்கலாம் இல்லையா? ஒட்டும்போது மேல் கீழாகப் போயிருக்கலாம் இல்லையா? வீட்டில், அந்த நாளில் ஆபீஸுக்குக் கொண்டுபோய் வேலை பார்த்த பழைய லேப்டாப்பைப் பரணிலிருந்து இறக்கி, சார்ஜர் தேடி, உயிர் வரவழைத்து, அன்றைக்கு அனுப்பியதன் பிரதியைத் தேடினாள். தேடும்போது என்ன வேண்டிக்கொண்டாள் என்பதுதான் விஷயம். கடவுளே, அவர் செய்திருக்க வேண்டும், அவருடைய தப்பாக இருக்க வேண்டும். மகள் பக்கத்தில் வந்து, "என்னம்மா தேடுற?" என்றாள். "ஒண்ணுமில்ல, போய்ப் படி." திறந்தாள். இரண்டு வரி. இப்போது திரையில் இருக்கிற அதே வரிசை, ஒரு புள்ளி மாறவில்லை. கொடுத்ததை அப்படியே, நூல் பிசகாமல் கொண்டுபோய் வைத்திருக்கிறார் அந்த மனுஷர். அப்போதே, நேற்றே, முடிந்துபோன விஷயம் இது. சந்தேகம், குழப்பம், மறந்துவிட்டேன் என்று சொல்ல இடமே கிடையாது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் இன்றைக்குக் காபி மெஷின் முன்னால் நின்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சம்பத் எதையோ சுட்டிக் காட்டுகிறார், முதுகு முன்னால் சாய்கிறது. இப்போது அதைத்தான் கேட்கிறாரோ? எழுந்து போய்க் கதவைத் தட்டினால் என்ன? பத்தடி இருக்குமா? தட்டி, மன்னிக்கணும், அது என்னுடையது என்றால் முடிந்தது. முடியுமா? அப்படியானால் காபி மெஷின் முன்னாடி ஏன் அப்படிச் சொன்னீங்க என்பார். அதற்கு என்ன பதில்? பக் யாருக்கும் வரும், ஏழு வருஷத்துக்கு முந்தியது, வாயும் வயிறுமாக இருந்தாள், ஒருவரும் திட்ட மாட்டார்கள். அதைச் சொல்லிவிடலாம். இந்த மத்தியானம் செய்ததை எதைச் சொல்லி மூடுவது? அடுத்த மாதம் டீமை இவள் கையில் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. மற்றவர்கள் எழுதுவதையெல்லாம் இவள்தான் படித்துச் சரி சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வாயை மூடினாளா? அப்படித் திட்டம் போட்டிருந்தால்கூடத் தேவலை, கெட்டிக்காரி என்றாவது தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். அந்த நொடியில் அவள் எதையும் நினைக்கவில்லை. சூடான பாத்திரத்தைத் தொட்ட கை தானாக இழுத்துக்கொள்வது மாதிரி வாய் தானாக இழுத்துக்கொண்டது. அதுதான் பயமாக இருக்கிறது. நாளைக்குச் சொல்லலாம். அவர் வேலைக்கு வந்த பிறகு, எல்லாரும் சேர்ந்து டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொல்லலாம், அண்ணா, தெரியுமா ஒரு வேடிக்கை. வேலைக்கு வந்தால்தானே. காரணம் என்ற வரியில் தன் பெயரை அடித்தாள். அழித்தாள். அவர் பெயரை அடிக்க விரல் போகவில்லை. காலியாக விட்டு அனுப்பினால் இயந்திரம் ஏற்றுக்கொள்ளாது, திருப்பியடிக்கும். மறுபடி அடித்தாள், வளர், அதோடு நின்றுவிட்டாள்.

கதவு திறந்தது. அவள் நிமிரவில்லை. செருப்புச் சத்தம் வந்தது, இல்லை, ஷூ, இன்டர்வியூவுக்காக ஷூ போட்டிருந்தார், அது கிறீச்சிட்டுக்கொண்டே அவள் மேஜைப் பக்கமாக வந்து நின்றது. சட்டென்று ஒரு விசையைத் தட்டி வேறு எதையோ திரைக்குக் கொண்டுவந்தாள். கேன்டீன் மெனு.

"வளர், நல்லாயிருக்கீங்களா? பாப்பா எப்படியிருக்கா?"

"வாங்கண்ணா. நல்லாயிருக்கா. எப்படிப் போச்சு?"

"பாப்போம்னாரு. பாப்போம்னா என்னன்னு நமக்குத் தெரியாதா." சிரித்தார். கன்னம் ஒட்டியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சம்பத் அந்த ஸ்கேன் சென்டர் பக் பத்திச் சொன்னாரும்மா. நீங்கதான் ராப்பகலா உக்காந்து கண்டுபிடிச்சீங்களாமே. மன்னிச்சிருங்க. என் கைவேலையால உங்களுக்குத்தான் கஷ்டம். எப்படிப் பண்ணேன்னே தெரியல, ஞாபகத்துலயே இல்ல. ஏதோ யாருக்கும் ஒண்ணும் ஆகலயே, அதுவரைக்கும் மாதா காப்பாத்துனா."

இப்போது. இப்போதே. வாயைத் திற. வளர்மதி வாயைத் திறந்தாள். "பரவாயில்லண்ணா" என்றாள்.

பரவாயில்லையாம்! மன்னித்துவிட்டாள், பெரிய மனசு! அவர் தலையசைத்து, அவள் மேஜையின் விளிம்பை இரண்டு விரலால் லேசாகத் தட்டி, "வரட்டா வளர், ரயிலுக்கு முன்னாடி தம்பி வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஷூ கிறீச், கிறீச் என்று லிஃப்ட் வரைக்கும் போயிற்று. காது இரண்டும் கொதித்தன. உடம்பு முழுக்கக் கூசியது, யாரோ துணியை உருவிக்கொண்ட மாதிரி இருந்தது, ஆனால் ஒருவரும் பார்க்கவில்லை, எல்லாரும் தங்கள் தங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் இன்றைய ஸ்பெஷல் வாழைப்பூ வடை. இப்படியே இருந்துவிடலாம். யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியாது. அவரே தன் தப்பு என்று நம்பிக்கொண்டு போகிறார், ஊர் போய்ச் சேர்ந்து ரெஜினா அக்காவிடமும் அப்படியே சொல்வார், நான் எழுதினது யாரையாவது கொன்னுருக்கும் என்று. ராத்திரி படுத்துக்கொண்டு, எப்படிப் பண்ணேன், எப்படிப் பண்ணேன் என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். செய்யாத ஒன்றை ஒரு மனுஷர் எங்கே போய் ஞாபகத்தில் தேடுவார்?

அவள் எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணாடி அறைக்குள் நின்றுகொண்டிருந்தாள். சம்பத் நிமிர்ந்து, "சரி பண்ணியாச்சா?" என்றார்.

"சம்பத், அது நான் எழுதினது. லீவுல போற அன்னிக்கு எழுதினேன். எனக்கு லாகின் போயிடுச்சுன்னு அவர்கிட்ட குடுத்தேன், அவர் போட்டார். அவ்வளவுதான் அவர் செஞ்சது."

சம்பத் பேனாவை மூடினார். அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்திருந்தாள், அவர் களைத்த மாதிரி கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "அவர்கிட்ட நான் கேட்டேன். 'என் பேர் இருந்தா அது என் தப்புதான் சார்'னார். ஒரு சாக்கு சொல்லல. எனக்கு மனசு கேக்கல. ஆனா பேஷன்ட் விஷயமாச்சே, எப்படி எடுக்கறதுன்னு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்." பேனாவை மேஜையில் வைத்தார். "நீங்க அப்பவே சொல்லியிருக்கலாம், வளர்மதி."

"ஆமா."

"கீழதான் இருப்பார். கூட்டிட்டு வாங்க. வேற யாரையும் அனுப்ப வேண்டாம், நீங்களே போங்க."

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை, படியில் இறங்கினாள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்கியம் தயாரித்து அடுத்த வளைவில் அதைத் தூக்கிப் போட்டாள். கீழே வாசல் மேஜையில் செக்யூரிட்டியிடம் விசிட்டர் அட்டையைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார் தனிஸ்லாஸ். தோளில் ஒரு பை. அவளைப் பார்த்ததும், "எதையாவது விட்டுட்டு வந்துட்டனா?" என்று சட்டைப்பையைத் தடவினார்.

"அண்ணா, அந்த பக் உங்களது இல்ல. நான் எழுதினது."

அவர் ஒரு கணம் பார்த்தார். முகம் மெல்ல இளகியது. "சும்மா இருங்கம்மா. எனக்காகப் போய் அப்படிச் சொல்லாதீங்க. உங்க வேலைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிரும். நீங்க குடுத்தது சரியாத்தான் இருந்திருக்கும், உங்க கையப் பத்தி எனக்குத் தெரியாதா? நான்தான் போடும்போது எதையோ மாத்தித் தொலைச்சிருப்பேன். ஆனாலும் உங்க மனசு யாருக்கு வரும் வளர்." அவர் கண் கலங்கியிருந்தது. நன்றி சொன்னார். அந்த மனுஷர் அவளுக்கு நன்றி சொன்னார்!

"இல்லண்ணா. என் பழைய லேப்டாப்ல இருந்து எடுத்துப் பாத்துட்டேன். நீங்க ஒரு எழுத்தக்கூட மாத்தல. நான் எப்படிக் குடுத்தேனோ அப்படியேதான் இருக்கு. சம்பத்கிட்ட சொல்லிட்டேன், உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னார்."

அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான், அவள் பார்த்தாள். தோள் இறங்கியது, மூச்சு ஒன்று நீளமாக வெளியே போனது. நான் இல்லையா, நான் இல்லையா என்று அந்த மூச்சு சொன்னது. பிறகு எதையோ யோசித்தார். நெற்றி சுருங்கியது.

"உள்ள கூப்பிடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டேன்னு சம்பத் சொன்னாரே."

"கேட்டார்ண்ணா."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

"அந்த லேப்டாப்ப எப்பப் பாத்தீங்க?"

வளர்மதி தரையைப் பார்த்தாள். பளபளவென்று துடைத்த தரை, அதில் இரண்டு பேரும் தலைகீழாக நின்றார்கள். "நேத்து" என்றாள்.

செக்யூரிட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கழற்றின அட்டையை மறுபடி நீட்டினார். தனிஸ்லாஸ் அதை வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிடுவார் என்று தோன்றியது. நடந்துவிட்டால் தேவலை என்றுகூட, கடவுளே, ஒரு விநாடி தோன்றியது. அவருக்கு அந்தச் சுகத்துக்கெல்லாம் வழி இல்லை. வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார், எழுத்து தெரியும்படி திருப்பிச் சரிசெய்துகொண்டார், பையின் ஜிப்பை, ஏற்கெனவே மூடியிருந்ததை, இழுத்துப் பார்த்தார். லிஃப்ட் வந்தது. கதவு மூடிவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்.

"நீங்க முதல்ல ஏறுங்க மேடம்" என்றார்.